அப்பா பார்த்த மெய்யழகனும் நான் பார்த்த மெய்யழகனும்

வெள்ளிக்கிழமை ஒரு படம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் அப்பாவிடமிருந்து போன் வந்துவிடும். அவர் மன்னார்குடியில் இருக்கிறார், நான் குரோம்பேட்டையில். சாப்பிட்டியா, தூங்கினியா என்பதையெல்லாம் அம்மா முந்தின நாளே கேட்டு முடித்திருப்பார். அப்பா எடுத்த எடுப்பில் "பாப்பா, பாத்துட்டேன்" என்பார். எந்தப் படம் என்று சொல்ல மாட்டார். அந்த வாரம் என்ன வந்திருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எப்படிப்பா இருக்கு?"

"இடைவேளைக்கு முன்னாடி பதினோரு போன். அப்புறம் ரெண்டு."

இதுதான் அவர் சொல்லும் விமர்சனம். வீட்டில் எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் இது புரியாது.

அப்பா 35 வருடம் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவர். 1978இல் எடுபிடிப் பையனாக உள்ளே போனார். ரீல் சுற்றினார், மெஷின் விளக்கில் எரியும் கார்பன் குச்சியை மாற்றக் கற்றுக்கொண்டார், லைசென்ஸ் எடுத்தார். 2013இல் எங்கள் ஊர் தியேட்டருக்கு டிஜிட்டல் வந்தபோது வெளியே வந்தார். அந்தத் தியேட்டரே இப்போது இல்லை. இடித்துவிட்டு ஒரு கிடங்கு கட்டியிருக்கிறார்கள்.

ஆபரேட்டர் படத்தைப் பார்ப்பது ஒரு சின்னக் கண்ணாடி ஓட்டை வழியாக. ரூமுக்குள் மெஷின் ஓடுகிற சத்தத்தில் வசனம் பாதிதான் காதில் விழும். வெளிச்சம் மஞ்சளடித்தால் கார்பனை நகர்த்த வேண்டும். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும். அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு வினாடியில் இன்னொரு புள்ளி. அப்போது மாற்றிவிட வேண்டும். மற்ற நேரமெல்லாம் அந்த ஓட்டை வழியாக அவருக்குத் தெரிவது தலைகள்தான். கீழே அறுநூறு, எழுநூறு தலைகள், பின்பக்கமாக. எந்தப் பாட்டுக்கு எத்தனை தலை எழுந்து பீடி குடிக்கப் போகிறது, எந்தச் சண்டையில் தரை டிக்கெட் முழுக்க முன்னால் சாய்கிறது, எந்த இடத்தில் பெண்கள் பக்கம் முந்தானை முகத்துக்குப் போகிறது, இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு படம் எத்தனை நாள் தாங்கும் என்பதை முதல் நாள் ரெண்டாவது ஆட்டத்திலேயே சொல்லிவிடுவாராம். மேனேஜர் அவரைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த படத்துக்கு ஏற்பாடு செய்வார் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

இப்போது யாரும் எழுந்து போவதில்லை. அலுத்தால் உட்கார்ந்த இடத்திலேயே போனை எடுத்துவிடுகிறார்கள். அதனால் அப்பாவும் தன் கணக்கை மாற்றிக்கொண்டார். கடைசி வரிசையில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து, இருட்டில் எரியும் போன்களை எண்ணுகிறார்.

அப்பாவிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. கதை சொல்ல மாட்டார். ஒரே முடிவை ஒரு நாளில் நாலு தடவை ஓட்டியவர், ஆனால் தியேட்டர் வாசலில் நிற்கும் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. என்னிடமும் அப்படித்தான். நான் பார்த்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

2024 ஜூனில் 'மகாராஜா' வந்தபோது ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "ரீல மாத்திப் போட்ட மாதிரி இருக்கு பாப்பா, போய்ப் பாரு." பார்த்துவிட்டு வந்த பிறகுதான் விளங்கியது. முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலுமாக அந்தக் கதை கலைந்து கிடக்கும். அப்பா காலத்தில் அவசரத்தில் ஆறாவது ரீலுக்குப் பதில் ஏழாவதை ஏற்றிவிட்டால் போச்சு. கூச்சலும் விசிலுமாகக் கிழித்துவிடுவார்கள். லைட்டைப் போட்டு, ரீலை இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். அந்தத் தப்பு அவர் கையில் ரெண்டு முறை நடந்திருக்கிறது. "நாங்க தெரியாம மாத்திப் போட்டு திட்டு வாங்கினோம். இந்தப் பையன் தெரிஞ்சே மாத்திப் போட்டு கைதட்டு வாங்கிட்டான்" என்று இயக்குநர் நித்திலனை அவ்வளவு சந்தோஷமாகப் பாராட்டினார். கடைசி அரை மணி நேரம் ஒரு போன்கூட எரியவில்லையாம். அதற்குப் பிறகு நான் அந்தப் படத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்தேன். இவ்வளவு சரியாக யாரும் சொல்லவில்லை.

'லப்பர் பந்து' அவருக்கு ரொம்பப் பிடித்தது. செப்டம்பர் 20ஆம் தேதி வந்தது. அதில் 'கெத்து' என்று பெயர் வைத்திருக்கும் கதாபாத்திரம் விஜயகாந்த் ரசிகன். அவன் மட்டையோடு இறங்கும்போது 1989இல் வந்த விஜயகாந்த் படப் பாட்டு போடுவார்கள். "விசில் அடிச்சது சின்னப் பசங்க இல்ல. என் வயசுக்காரன், ஒனக்கு மூத்தவன், எல்லாம் அடிச்சான்" என்றார். விஜயகாந்த் இறந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். அவர் படங்களின் பிலிம் பெட்டி வரும் வாரங்களில் அப்பாவுக்குப் பொங்கல் போனஸ் மாதிரி ஏதாவது கையில் கொடுப்பார்களாம். அந்தப் போனில் அன்றைக்கு எண்ணிக்கையே வரவில்லை, விஜயகாந்த் கதைதான்.

அதற்கு அடுத்த வெள்ளி, 27ஆம் தேதி, 'மெய்யழகன்' வந்தது.

கதைப்படி அந்தக் கல்யாணம் நடப்பது நீடாமங்கலத்தில். எங்களுக்குப் பக்கத்து ஊர், பஸ்ஸில் அரை மணி நேரம். படத்தில் அந்தப் பெயரைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அப்பா தஞ்சாவூர் போய் முதல் நாளே பார்த்தார். அந்த ஞாயிறு போனில் குரலே வேறாக இருந்தது. "நாலு போன் எரிஞ்சுது. எரியட்டும். நீ பாத்துடு" என்று மட்டும் சொன்னார். எண்ணிய பிறகும் அந்த எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு ஒரு படத்தை அவர் சொன்னது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

எனக்கு ஆபீஸில் அரையாண்டு முடிவு. கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்குத் தெரியும், செப்டம்பர் கடைசி வாரத்தில் தலை நிமிர முடியாது. ஒரு வாரம் தள்ளித்தான் போனேன். அழுதேன். 22 வருடம் கழித்து ஊருக்கு வருகிற அரவிந்த்சாமி, அவரை அத்தான் அத்தான் என்று சுற்றி வருகிற கார்த்தி, அவன் பெயரே இவருக்கு நினைவில்லை. யோசிக்காமல் விட்டுப்போன ஒரு பழைய சைக்கிள் இன்னொரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்று அவருக்குத் தெரிய வரும் இடத்தில், பக்கத்து இருக்கையில் தெரியாத ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே வந்ததும் நானே அப்பாவைக் கூப்பிட்டேன்.

"ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஓடுது, போனதே தெரியலப்பா."

அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "எத்தனை மணி நேரம்?" என்றார்.

சொன்னேன்.

"நான் பாத்தது மூணு மணி நேரத்துக்கு மூணு நிமிஷம் கம்மி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படம் நீளம் என்று பலரும் சொன்னதால், வெளியான சில நாட்களிலேயே 18 நிமிடத்தைக் குறைத்திருந்தார்கள். இயக்குநர் பிரேம்குமாரே அதை அறிவித்திருந்தார். செய்தியில் படித்தும் இருக்கிறேன், ஆனால் மனதில் பதியவில்லை. அப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் உடனே கணக்குப் போட்டார். ஆயிரம் அடி ரீல் 11 நிமிடம் ஓடும். "1,600 அடி. ஒன்னரை ரீலுக்கு மேல" என்றார். "சரிம்மா, வச்சுடவா" என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மறுபடி கூப்பிட்டார். ஒரே நாளில் ரெண்டாவது தடவை பேச அவர் கூப்பிடுகிறார் என்றால் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று அர்த்தம். பதறிப்போய் எடுத்தேன். "ஒண்ணுமில்ல, ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

நான் பிறந்த வருடம், 1986. ஒரு படம் மூன்றாவது வாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். ரெண்டாவது பாதியில் ஒரு தாலாட்டுப் பாட்டு. அதற்குத் தரை டிக்கெட் மொத்தமும் வெளியே போகிறது என்று மேனேஜர் அதைத் தூக்கிவிடச் சொன்னார். தூக்கினால் முதல் ஆட்டம் நாலரை நிமிடம் முன்னால் விடும், கிராமத்துச் சனம் பஸ்ஸைப் பிடிக்கலாம், அடுத்த ஆட்டத்துக்கு நெருக்கடி இருக்காது. அந்தக் காலத்தில் பல ஊர்களில் நடந்ததுதான். அப்பாவும் செய்தார்.

எப்படிச் செய்தார் என்று போனிலேயே நிதானமாகச் சொன்னார். பாட்டு ஆரம்பிக்கும் பிரேமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடித்து, ரெண்டு பிரேமுக்கு நடுவில் இருக்கும் கோட்டில் கத்தரிப்பார்கள். பாட்டு முடியும் இடத்திலும் அதே மாதிரி. பிறகு ஒரு முனையில் பிலிமின் மேல்பூச்சை பிளேடால் மெல்லச் சுரண்ட வேண்டும். அழுத்திச் சுரண்டினால் பிலிம் கிழியும், லேசாகச் சுரண்டினால் ஒட்டாது. சுரண்டிய இடத்தில் சிமெண்ட் என்று சொல்லும் பிலிம் பசையைத் தொட்டு வைத்து, மறுமுனையின் ஓட்டைகள் இதன் ஓட்டைகள் மேல் சரியாக உட்காரும்படி வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்து எண்ண வேண்டும். வெட்டியெடுத்த பாட்டைச் சுருட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். பெட்டி திரும்பிப் போகும்போது மறுபடி சேர்த்துவிட வேண்டும் அல்லவா.

மறுநாள் மதிய ஆட்டம் விட்டதும், ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா படியேறி ஆபரேட்டர் ரூம் வாசலுக்கே வந்துவிட்டார். வடுவூர் பக்கம் ஏதோ கிராமம். கூட ஒரு சின்னப் பெண், மருமகளாம். அங்கெல்லாம் பெண்கள் ஏறி வந்ததே இல்லை. "தம்பி, அந்தப் பாட்டு எங்க?" என்று கேட்டார்.

அப்பா, "இந்தப் பிரிண்டுல இல்லம்மா" என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மா போகவில்லை. "இல்ல தம்பி, ஆரம்பிச்சுது. மொதல் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் எங்க போச்சு?" என்றார்.

இந்த இடத்தை நான் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் அப்பா எனக்கும் விளக்க வேண்டியிருந்தது. பிலிமில் ஒரு காட்சிக்கான சத்தம் அந்தக் காட்சிக்குப் பக்கத்தில் பதிந்திருக்காது, 20 பிரேம் முன்னாலேயே இருக்கும். மெஷினில் படம் விழும் இடம் மேலே, சத்தத்தைப் படிக்கும் இடம் கீழே. ரெண்டுக்கும் நடுவில் அவ்வளவு தூரம். ஆகவே ஒரு பாட்டைப் படம் பார்த்து எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும், அந்தப் பாட்டின் ஆரம்பச் சத்தம் அதற்கு முந்தைய காட்சியின் வாலில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். ஒரு வினாடிக்கு 24 பிரேம். 20 பிரேம் என்றால் முக்கால் வினாடிக்குக் கொஞ்சம் மேல். திரையில் அடுத்த காட்சி வந்துவிட்டிருக்கும், யாரோ கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார்கள், அந்த முக்கால் வினாடிக்கு மட்டும் தாலாட்டின் முதல் சத்தம் கேட்டு அறுந்துபோகும். அறுநூறு பேரில் அது யாருக்கும் உறைக்காது. அந்தப் பாட்டுக்காகவே வந்த ஒருத்திக்கு உறைத்தது.

அப்பாவால் அதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை. "நாளைக்கு வாங்கம்மா, போடுறேன்" என்றார். அன்றைக்கு ராத்திரி ஆட்டத்துக்கே பாட்டைத் திரும்பச் சேர்த்துவிட்டார். மேனேஜர் கேட்டதற்கு, ஜாயிண்ட் விட்டுப்போகிறது, மெஷினில் சிக்கினால் பிரிண்டே போய்விடும் என்று சொல்லிச் சமாளித்தார். அந்தப் படம் இன்னும் ஒன்பது நாள் ஓடியது. ஒன்பது நாளும் மதிய ஆட்டத்தில் அந்த ஓட்டை வழியாகப் பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த அம்மா வரவில்லை.

திரும்பச் சேர்க்கும்போது சுரண்டிய பிரேம் ஒன்று வீணாகும். அதைக் கத்தரித்து எடுத்துவிட்டுத்தான் ஒட்ட முடியும். அந்த ஒரு பிரேமை அப்பா இன்னும் வைத்திருக்கிறார். இதை அன்றுவரை எனக்கோ அம்மாவுக்கோ சொன்னதில்லை. தீபாவளிக்குப் போனபோது காட்டினார். லைசென்ஸ் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. பக்கத்துக்கு நாலு ஓட்டை. ஒரு பக்கம் சுரண்டிய தடம். நிறமெல்லாம் சிவப்பாகப் போய்விட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஒரு தொட்டிலின் கயிறு மட்டும் தெரிகிறது.

அந்தச் சாயங்காலப் போனில் நான் அப்பாவோடு வாதாடினேன். மேனேஜர் வெட்டச் சொல்வதும் ஒரு இயக்குநர் தானே முடிவெடுத்துக் குறைப்பதும் ஒன்றா? அவர் படம், அவர் கத்தரி. தவிர, நான் பார்த்ததில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. இழுவையும் இல்லை, துண்டு விழுந்த மாதிரியும் இல்லை.

"அதைத்தான் சொல்றேன், ஒனக்குத் தெரியல" என்றார் அப்பா. "வெட்டட்டும். படம் எடுத்தவனுக்கு இல்லாத உரிமையா? ஆனா டிக்கெட்டைக் கிழிக்கிறப்ப சொல்லணும்ல, நேத்து ஓடுன படம் இல்ல இன்னிக்கு ஓடுறதுன்னு? அப்பல்லாம் நாங்க வெட்டினா அந்த ஒரு சத்தமாச்சும் மிஞ்சும். கேக்குற காது இருந்தா கேட்டுடும். இப்ப வெட்டினா சுத்தமா வெட்டிடுறான். ஒண்ணு இருந்துச்சுங்கிறதே தெரியாது."

அப்புறம் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. கதையே சொல்லாதவர், நான் பார்க்காத அந்தப் பகுதியைச் சொல்ல ஆரம்பித்தார். ராத்திரியில் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசும்போது கார்த்தி பேசிக்கொண்டே போகும் பேச்சு. போரில் செத்துப்போனவர்களை நினைத்து அவன் சொல்லும் இடம். கார்த்தி எங்கே நிறுத்தினார், அரவிந்த்சாமி எப்போது தலையைக் குனிந்தார், விளக்கு யார் முகத்தில் விழுந்தது, எல்லாம் சொன்னார். வசனம் வார்த்தைக்கு வார்த்தை அவருக்கு நினைவில்லை. அப்பா தன் வார்த்தையில் சொன்னார், நடுநடுவே "இந்த எடத்துல தியேட்டரே கம்முனு இருந்துச்சு" என்று சேர்த்துக்கொண்டார். 18 நிமிடப் பகுதியைச் சொல்ல அவருக்கு 40 நிமிடம் ஆனது. நான் குரோம்பேட்டை வீட்டு மொட்டை மாடியில், கொடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டேன். எனக்கு மெய்யழகன் என்றால் தியேட்டரில் பார்த்ததும் அந்த 40 நிமிடமும் சேர்ந்ததுதான்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசும் விதம் கொஞ்சம் மாறிவிட்டது. நானும் கடைசி வரிசையில் டிக்கெட் எடுக்க ஆரம்பித்தேன். சென்னையில் எண்ணிக்கை எப்போதும் அதிகம். தஞ்சாவூரில் நாலு எரிந்தால் இங்கே பதினைந்து எரியும். ஆனால் எரியும் இடங்கள் ஒன்றுதான். அங்கே அலுத்த இடத்தில்தான் இங்கேயும் அலுக்கிறது. இதைக் கண்டுபிடித்தபோது அப்பாவுக்கு அவ்வளவு திருப்தி.

2025 மே முதல் தேதி 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்தது. அதில்தான் எங்களுக்குப் பெரிய சண்டை. இலங்கையிலிருந்து பிழைக்க வழியில்லாமல் ராமேஸ்வரம் கரையேறி, சென்னையில் ஒரு தெருவில் வந்து ஒளிந்து வாழும் குடும்பம். சசிகுமார், சிம்ரன். அந்தத் தெருவில் எல்லோரும் அவ்வளவு சுலபமாக நல்லவர்களாகிவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. நிஜத்தில் ஒரு முகாம் அட்டைக்கும் ஒரு வாடகை வீட்டுக்கும் அவர்கள் படும் பாடு எவ்வளவு. அது படத்தில் லேசாகிவிட்டது என்றேன். இன்றும் அதே கருத்துதான்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தெருவில் ஒரு சாவு விழும் இடத்தைச் சொன்னார். "அந்த எடத்துல ஒன் தியேட்டர்ல எத்தனை போன்?"

"ஒண்ணும் இல்லப்பா."

"இங்கயும் இல்ல. சாவு வீட்டுல யாரும் போனைப் பாக்க மாட்டான் பாப்பா. அத்தனை பேரும் அந்தத் தெருவுல போய் நின்னுட்டான். அதுக்கு மேல என்ன வேணும்?"

அந்தப் படத்தை எடுத்த அபிஷன் ஜீவிந்துக்கு அது முதல் படம். ஒரு சின்னப் பையன் இத்தனை பேரை ஒரே நேரத்தில் எழவு வீட்டில் நிற்க வைத்தான் என்பதை அப்பா பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூலையில் '3 பிஹெச்கே' வந்தது. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை போன். "பாத்துட்டேன்."

"எத்தனைப்பா?"

"இன்னிக்கு எண்ணல."

வேறு எதுவும் சொல்லவில்லை. சரத்குமார் நன்றாகச் செய்திருக்கிறார் என்றார், தேவயானியும் என்றார், அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார். நான் அன்று மாலையே போனேன். சொந்த வீடு வாங்க வேண்டும் என்று வருடக்கணக்காக ஒரு குடும்பம் காசு சேர்க்கும் கதை. சேர்த்து முடிப்பதற்குள் விலை ஏறிவிடும், அல்லது வேறு செலவு வந்துவிடும். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கையிருப்பைக் கணக்குப் பார்ப்பார்கள். நாங்கள் மன்னார்குடியில் ஆறு வாடகை வீடு மாறியவர்கள். ஒவ்வொரு தடவையும் அப்பா சைக்கிள் கேரியரில் முதலில் கொண்டுபோவது என் புத்தக மூட்டையைத்தான். என் கல்லூரிக்கு அவர் எடுத்த பணம் எதற்காகச் சேர்த்தது என்று எனக்குத் தெரியும், அவரிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. அந்தப் படத்தில் நானும் எண்ணவில்லை.

'கூலி' பற்றி அவர் சொன்னதில் ஒரு புது விஷயம் இருந்தது. ரஜினி நடிக்க வந்து 50 வருடம் நிறையும் வாரத்தில், ஆகஸ்ட் 14ஆம் தேதி வந்த படம். போன் நிறைய எரிந்தது, ஆனால் அந்த வெளிச்சத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றார். "தாழ்ந்த போன் அலுப்பு. தூக்கின போன் படம் புடிக்கிறது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா கணக்குத் தப்பாயிடும்." ரஜினி வரும் ரெண்டு இடங்களில் தானும் எழுந்து நிற்க நினைத்ததாகச் சொன்னார். சத்தம் அதிகம், வெட்டுக்குத்து அதிகம் என்றார். ஏ சான்றிதழ் என்பதால் குழந்தைகளை உள்ளே விடவில்லை. ரஜினி படத்துக்கென்று புதுச் சட்டை போட்டு வந்த ஒரு ஏழு வயதுப் பையனை அவன் அப்பா வாசலோடு திருப்பிக் கூட்டிப்போனதைப் பார்த்துவிட்டு அவருக்கு மனசே ஆறவில்லை. சட்டம் சரிதான், அந்தப் படத்துக்கு அந்தச் சான்றிதழும் சரிதான். ரஜினி படத்துக்குக் குழந்தைகள் வர முடியாதபடி எதற்கு எடுக்க வேண்டும் என்பதுதான் அவர் கேள்வி. எனக்கும் அதேதான்.

2025 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். தஞ்சாவூரில் 'பைசன்' பார்க்க அப்பாவும் நானும் சேர்ந்து போனோம். சேர்ந்து தியேட்டருக்குப் போனது கிட்டத்தட்ட பதினைந்து வருடத்துக்குப் பிறகு. கடைசி வரிசை, நடு இருக்கைகள். வலது பக்கம் அவர், இடது பக்கம் நான் என்று பிரித்துக்கொண்டோம். படம் ஆரம்பித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, கைக்கடிகாரத்தைப் போன் வெளிச்சத்தில் பார்த்து, நேரத்தை எழுதிக்கொண்டார். இடைவேளை விட்டபோதும் எழுதினார், மறுபடி ஆரம்பித்தபோதும் எழுதினார். நான் எதற்கென்று கேட்கவில்லை.

கபடிக்காரன் கதை. மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவியது. மகன் ஆட்டத்துக்குப் போனால் என்ன ஆகுமோ என்று பயந்து சாகும் தகப்பனாகப் பசுபதி. அவர் பேசாமல் நிற்கும் இடங்களில் என் பக்கம் ஒரு வெளிச்சம்கூட இல்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் வலது பக்கத்தைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பங்கையும் சேர்த்து நானே எண்ணினேன்.

முடிந்ததும் எல்லோரும் எழுந்து போனார்கள். அப்பா எழவில்லை. எழுத்து ஓடி முடிந்து திரை இருட்டாகும்வரை அவர் எப்போதும் எழ மாட்டார், ஆபரேட்டர் அதுவரை மெஷினை விட்டு நகர முடியாது. கூட்டும் பெண்மணி எங்கள் வரிசைக்கு வந்து, விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். கடைசி எழுத்தும் மேலே போனது. அப்பா நேரத்தைப் பார்த்தார், சீட்டில் எழுதினார், இடைவேளையைக் கழித்தார். படத்துக்குப் போட்டிருந்த நேரத்தை அவர் அந்தச் சீட்டின் தலையிலேயே முதலில் எழுதி வைத்திருந்தார்.

ரெண்டையும் விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார்.

"ஒரு நிமிஷம்கூடக் குறையல பாப்பா. முழுசா ஓட்டியிருக்கான்."